ஒரே மாதிரி இரண்டு நாற்காலி

அதிகம் பேசாதவர்களுக்கு அறிவு அதிகம் என்று எல்லோருக்கும் ஒரு நினைப்பு இருக்கிறது. சுத்தப் பொய். நானும் பேசமாட்டேன். என் வீட்டுக்காரரும் பேசமாட்டார். எங்கள் இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரு ஆள் அறிவு இருந்திருந்தால், என் மகளுக்கு அந்தப் பள்ளிக்கூடத்தில் சீட் கிடைத்திருக்கும்.

இதை நான் எழுத ஒரே காரணம் அந்த மகள்தான். பவித்ரா இந்தக் கதையை எல்லோரிடமும் தப்பாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். அவள் சொல்லும்போது பழி முழுக்க என் மேல் விழுகிறது. அவள் அப்பா பக்கத்தில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டே தலையாட்டுகிறார். எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. பாதித் தப்பு அவருடையது. அந்தப் பாதியை இதுவரை ஒருத்தரும் கேட்டதில்லை.

எங்கள் வீடு ஓசூரில், பேரிகை ரோட்டுப் பக்கம். வீட்டுக்காரர் பெயர் முனிராஜ். சூளகிரி தாண்டி நெடுஞ்சாலை ஓரத்தில் பழைய மரச்சாமான் விற்கிற ஒரு தகரக் கொட்டகையில் வேலை. (முதலாளி அதை ஷோரூம் என்பார். மழை பெய்தால் ஷோரூமுக்குள் குடை பிடிக்கணும்.) ஞாயிற்றுக்கிழமையானால் பெங்களூரிலிருந்து கார் போட்டுக்கொண்டு வருவார்கள். அவர்களுக்குப் பழசுதான் வேண்டும். பழசு எத்தனை நாளைக்குக் கிடைக்கும். அதனால் புதுசைப் பழசாக்குவது இவர் வேலை. புதுத் தேக்கில் செய்த பெட்டியை சைக்கிள் செயினால் அடிப்பார். கோணூசியால் குத்திப் பூச்சி அரித்த ஓட்டை போடுவார். டீ டிக்காஷன் பூசுவார். துருப்பிடித்த ஆணி ஊறிய வினிகரைப் பூசுவார். போன வாரம் பிறந்த பெட்டி கிழடாகி நிற்கும். முதலாளி பொய் சொல்லமாட்டார். எத்தனை வருஷம் இருக்கும் என்று கேட்டால், "நீங்களே பாருங்க சார்" என்பார். அவர்களே பார்த்து நூறு என்பார்கள்.

நான் கார் பாகம் செய்கிற ஒரு கம்பெனியில் கான்ட்ராக்ட் ஆள். இன்ஸ்பெக்‌ஷன் வேலை. பெயின்ட் ஆகி வருகிற உருப்படியை வெள்ளைக் கையுறையால் தடவி, டியூப் லைட்டுக்குச் சாய்த்துப் பிடித்துப் பார்க்கணும். கீறல், புள்ளி, கொப்புளம் இருந்தால் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டித் தள்ளணும். பதினோரு வருஷம் இதைத்தான் செய்தேன். ஒரு கீறல்கூட என்னைத் தாண்டிப் போனதில்லை. (என் நாத்தனார் சொல்வாள்: "எங்க அண்ணி தோசையக்கூட திருப்பிப் பாத்துட்டுத்தான் திங்கும்." பார்த்தால் என்ன தப்பு. கருகியிருந்தால் அவளா சாப்பிடப் போகிறாள்.)

ஆக, அவர் கையில் எதுவும் புதுசாக இருக்கக் கூடாது. என் கையில் எதுவும் பழசாக இருக்கக் கூடாது. எங்கள் ஜாதகத்தைப் பார்த்து ஒன்பது பொருத்தம் என்று சொன்ன ஜோசியர் மட்டும் எங்காவது என் கண்ணில் பட்டால் போதும்.

கல்யாணமான புதிதில் அவர் வீட்டுக்குக் கொண்டுவரும் சில்லறை வேலைகளில் நானும் கை கொடுத்தேன். உப்புத்தாள் தேய்ப்பது, அரக்கு பாலிஷ் போடுவது, ஆடுகிற காலைக் கழற்றிப் பசை வைத்து இறுக்குவது, எல்லாம் பழகிவிட்டது. வீட்டுக்குப் பின்னால் எங்களுக்கென்று ஒரு சின்னக் கொட்டகை. காலை ஷிப்ட் முடிந்து மூன்று மணிக்கு வந்தால் விளக்கு வைக்கிற வரைக்கும் நான் அங்கேதான்.

பவித்ரா பத்தாவது முடித்தாள். அவளை டாக்டராக்க வேண்டும் என்பது என் ஆசை. (அவளைக் கேட்டீர்களா என்று கேட்காதீர்கள். கேட்கவில்லை.) பதினொன்றாவதில் பயாலஜி சேர்க்க, ஊருக்கு வெளியே இருந்த ஒரு தனியார் பள்ளிக்குப் போனோம். பன்னிரண்டு மார்க் குறைவு என்றார்கள். கரஸ்பாண்டென்ட்டைப் பாருங்கள் என்றார்கள். பார்த்தோம்.

அவர் அறுபது வயசு மனுஷர். தன்மையாகத்தான் பேசினார்.

"என்ன வேலை பண்றீங்க?"

"பாலிஷ்" என்றார் இவர்.

"என்ன பாலிஷ்?"

"மரத்துக்கு."

அவர் என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். அதற்குமேல் நாங்கள் சொல்ல ஒன்றுமில்லை. பெற்ற பிள்ளைக்கு சீட் கேட்கப் போன இடத்தில் இரண்டு வார்த்தை பேசிவிட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தோம். இன்று நினைத்தாலும் எங்களை நானே அறையலாம் போலிருக்கிறது.

ஆனால் மரம் என்ற வார்த்தையைக் கேட்டதும் அவர் எழுந்துவிட்டார். உள்ளே கூட்டிக்கொண்டு போனார். இரண்டு நாற்காலிகள் இருந்தன. கை வைத்த, அகலமான தேக்கு நாற்காலிகள். ஒன்று கறுத்துப் போன பழசு. இன்னொன்று அதே வடிவம், ஆனால் மஞ்சள் மாறாத புது மரம்.

"பழசு எங்கப்பா உக்காந்தது. இந்தப் பள்ளிக்கூடம் அவரு ஆரம்பிச்சதுதான். ஜோடியா இருந்துச்சு, ஒண்ண கரையான் தின்னுடுச்சு. அத மாதிரியே பாகலூர் ஆசாரி ஒருத்தரு இதச் செஞ்சு குடுத்தாரு. பக்கத்துல வெச்சா ஒட்ட மாட்டேங்குது. பத்து நாள்ல அப்பா பேர்ல புதுக் கட்டடம் திறக்கறோம். மேடையில ஒண்ணுல சீப் கெஸ்ட், ஒண்ணுல நான். ரெண்டும் ஒரே மாதிரி இருக்கணும். எது எதுன்னு தெரியக் கூடாது. முடியுமா?"

"முடியும்" என்றார் இவர்.

"முடியும்" என்றேன் நான்.

"அப்ப பாப்பா சீட்ட விழா முடிஞ்சதும் பாத்துக்கலாம்" என்றார்.

எது மாதிரி என்று அவர் சொல்லவில்லை. படித்த மனுஷர், பள்ளிக்கூடம் நடத்துகிறவர், பழசு மாதிரி என்றோ புதுசு மாதிரி என்றோ ஒரு வார்த்தை சேர்த்துச் சொன்னால் என்ன குறைந்துவிடும். நாங்களும் கேட்கவில்லை. இவருக்குக் கேட்கத் தோன்றாது. பழசு மாதிரிதான், வேறென்ன. எனக்கும் தோன்றாது. புதுசு மாதிரிதான், வேறென்ன. இதிலெல்லாம் போய் யாராவது சந்தேகம் கேட்பார்களா.

அன்று சாயங்காலமே பள்ளி வேனில் இரண்டையும் கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போனார் டிரைவர் நாகராஜ். வழக்கமாக நானும் வீட்டுக்காரரும் இப்படி ஒரு வேலை வந்தால் சாப்பிடும்போது நாலு வார்த்தை பேசிக்கொள்வோம். அந்த நாலு வார்த்தை பேசியிருந்தால் எல்லாம் சரியாகியிருக்கும். பேச முடியாமல் போனதற்குக் காரணம் அவர்தான். இதை எங்கே வேண்டுமானாலும் சொல்வேன்.

கம்பெனியில் ஆயுத பூஜைக்கு எனக்கு ஒரு ஹாட் பாக்ஸ் கொடுத்திருந்தார்கள். மூன்று வருஷமாக அட்டைப்பெட்டியை விட்டு வெளியே எடுக்காமல் பரண்மேல் வைத்திருந்தேன். நல்ல நாளுக்கு எடுக்கலாம் என்று. அன்று சாயங்காலம் கொட்டகைக்குப் போனால், அது மேசைமேல் உட்கார்ந்திருந்தது.

"என்ன இது?" என்றேன்.

"அரக்கு."

"எதுல ஊற வெச்சிருக்கீங்க?"

"டப்பாவுல."

"அது டப்பாவா?"

"மூடி நல்லா இறுக்கமா இருக்குது. ஸ்பிரிட்டு ஆவியாவாது."

அதற்குப் பிறகு நான் சொன்னது கன்னடத்தில். (எனக்குப் பிறந்த ஊர் கர்நாடக எல்லையில் தளிப் பக்கம். சின்னக் கோபம் தமிழில் வரும். பெரிசு கன்னடத்தில்தான் வரும். அவருக்கு மத்தூர். கன்னடம் அரைகுறைதான். அன்றைக்கு முழுசாகப் புரிந்தது.) அவரும் பதிலுக்கு, நான் சாமானை வைத்துப் பூஜை செய்கிறவள், அவர் சாமானை வைத்து வேலை செய்கிறவர் என்று ஏதோ சொன்னார். அத்தோடு பேச்சு நின்றது. ஒன்பது நாள். அக்கம்பக்கத்தில் ஒருத்தருக்கும் வித்தியாசம் தெரியவில்லை.

மறுநாள் காலை அவர் புது நாற்காலியை வண்டியில் பின்னால் வைத்துக் கயிறு கட்டிக்கொண்டிருந்தார். நான் ஷிப்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். நடுவில் பவித்ரா, பல் துலக்கிக்கொண்டு.

"பாப்பா, புதுச நான் சூளகிரி கொட்டாய்க்கு எடுத்துட்டுப் போறன்னு உங்கம்மாகிட்ட சொல்லு."

"மா, புதுச அப்பா எடுத்துட்டுப் போவுதாம்."

"பழச நான் பாத்துக்கறன்னு சொல்லு."

"பா, பழச அம்மா பாத்துக்குமாம்."

"சரின்னு சொல்லு."

"சரியாம். நான் வாய் கொப்பளிக்கட்டா?"

நான் நினைத்தது இது: புதுசுக்கு இரண்டு கோட் பாலிஷ் போட்டால் முடிந்தது, சுலபமானதை அவர் தூக்கிக்கொண்டார், கஷ்டமான பழசை என் தலையில் கட்டிவிட்டார். அவர் நினைத்தது, பிறகு தெரிந்தது: பழசுக்குத் தூசி தட்டினால் முடிந்தது, சுலபமானதை அவள் வைத்துக்கொண்டாள், கஷ்டமான புதுசு நம் தலையில். ஆளுக்கொரு இடத்தில் ஒருத்தரை ஒருத்தர் மனசுக்குள் திட்டிக்கொண்டே இரண்டு பேரும் உயிரைக் கொடுத்து வேலை செய்தோம்.

கிளம்பும் முன் அவர் பழைய நாற்காலியைச் சுற்றிச் சுற்றிச் செல்போனில் படம் எடுத்தார். கைப்பிடி, கால், முதுகுச் சட்டம் எல்லாவற்றையும். எதற்கு என்று நான் கேட்டிருக்கலாம். கேட்டால் நான் முதலில் பேசினதாக ஆகிவிடும். நான் நாளைக்கு எதையாவது உடைத்துவிட்டால் காட்டுவதற்கு ஆதாரம் சேர்க்கிறார் என்று நினைத்தேன். பார், உன் படத்தில் இருக்கிற ஒரு குறைகூட மிச்சம் இருக்காது என்று அங்கேயே முடிவு செய்தேன்.

குறைக்கு அந்த நாற்காலியில் பஞ்சமே இல்லை. தலை எண்ணெயும் கை அழுக்கும் ஏறி ஏறி மேலெல்லாம் கறுப்பு. முன்கால் ஒன்றில் எலி கடித்த மாதிரி ஒரு வெட்டு. வலது கைப்பிடியில், வருஷக்கணக்காகக் கை வைத்து வைத்து ஒரு பள்ளம். பள்ளத்துக்குப் பக்கத்தில் நீலமும் கறுப்புமாக ஒரு மசிக் கறை, ஐந்து ரூபாய்க் காசு அளவுக்கு. எங்கள் கம்பெனியில் இப்படி ஒரு உருப்படி வந்தால் லைனையே நிறுத்திவிடுவார்கள்.

ஸ்பிரிட் போட்டு அழுக்கை எடுத்தேன். ஆடிய காலைக் கழற்றி இறுக்கினேன். மரத்தூளையும் பசையையும் குழைத்து வெட்டை அடைத்தேன். பள்ளத்தையும் அடைத்தேன். கறைதான் போகவில்லை. எலுமிச்சம்பழமும் உப்பும் போட்டுத் தேய்த்தேன், வெளுத்தது, போகவில்லை. மறுபடி எலுமிச்சை. பிறகு சுரண்டி. பிறகு உப்புத்தாள். அந்த ஒரு கறைக்கு மூன்று நாள். போகிற சமயத்தில் எனக்கே அதன்மேல் ஒரு மரியாதை வந்துவிட்டது. ஆனாலும் விடவில்லை.

பிறகு உடம்பு முழுக்க உப்புத்தாள், கரடில் ஆரம்பித்து நைஸ் வரைக்கும். உள்ளே மரம் தேன் நிறத்தில் இருந்தது. பனியன் துணியில் பஞ்சைச் சுற்றி, அரக்கைத் தொட்டுத் தொட்டு வட்டம் வட்டமாகத் தேய்த்தேன். பதினாலு கோட். கடைசியில் கம்பெனிக் கையுறையைப் போட்டுத் தடவினேன். டியூப் லைட்டில் சாய்த்துப் பார்த்தேன். என் முகம் தெரிந்தது. சிவப்பு ஸ்டிக்கர் ஒட்ட இடமே இல்லை. பதினோரு வருஷத்தில் அப்படி ஒரு உருப்படி என் கை வழியாகப் போனதில்லை. இதைப் பெருமைக்குச் சொல்லவில்லை. பெருமைக்குத்தான் சொல்கிறேன்.

விழா நாள் காலை. நாகராஜ் வேனில் வந்து, பெட்ஷீட்டில் சுற்றிவைத்திருந்த என் நாற்காலியை ஏற்றிக்கொண்டார். முதல் நாளே சூளகிரி போய் இன்னொன்றையும் சுற்றியபடி ஏற்றிவந்திருந்தார். நாங்கள் மூன்று பேரும் வண்டியில் பின்னாலேயே போனோம். பேசாத இரண்டு பேருக்கு நடுவில் பவித்ரா, பட்டுப் பாவாடையில், நசுங்கிக்கொண்டு.

பந்தல் நிறையக் கூட்டம். மேடையில் வைத்து நாகராஜ் இரண்டு பெட்ஷீட்டையும் உருவினார்.

நான் அவருடைய நாற்காலியைப் பார்த்தேன். அவர் என்னுடையதைப் பார்த்தார்.

கறுப்பு. தலை பட்ட இடத்தில் எண்ணெய்ப் பிசுக்கு. முன்காலில் வெட்டு, அதே காலில், அதே இடத்தில். வலது கைப்பிடியில் பள்ளம். பள்ளத்துக்குப் பக்கத்தில் கறை, ஐந்து ரூபாய்க் காசு அளவுக்கு. நான் மூன்று நாள் மல்லுக்கட்டி ஒழித்த கறை, சூளகிரியில் உயிரோடு இருந்திருக்கிறது.

நாகராஜ் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு என்னிடம் மெதுவாகக் கேட்டார்.

"அக்கா, இதுக்கு எதுக்கு எடுத்துட்டுப் போனீங்க? போறப்பவும் ஒண்ணு பழசு, ஒண்ணு புதுசு. வர்றப்பவும் ஒண்ணு பழசு, ஒண்ணு புதுசு. சும்மா என் வேன்லயே வெச்சு ஒரு ரவுண்டு அடிச்சிருக்கலாமே."

"என்னாடி பண்ணி வெச்சிருக்க?" என்றார் என் வீட்டுக்காரர். ஒன்பது நாளில் முதல் பேச்சு.

"நீங்க என்ன பண்ணி வெச்சிருக்கீங்க?"

அதற்குள் கரஸ்பாண்டென்ட் மேடை ஏறிவிட்டார். கூடவே ஹெட்மிஸ்ட்ரஸ், கையில் ஒரு பைலோடு. பவித்ரா என் புடவையைப் பிடித்துக்கொண்டாள். முடிந்தது, சீட் போச்சு என்று நின்றோம்.

அவர் நேராகக் கறுப்பு நாற்காலியிடம் போனார். கறையைத் தடவினார்.

"இங்கதான் டீச்சர், அப்பா பேனாவத் திறந்து வெப்பாரு" என்றார். உட்கார்ந்தார். கையைப் பள்ளத்தில் வைத்தார். (என் வீட்டுக்காரர் அரம் போட்டுத் தோண்டிய பள்ளம். ஒரு வாரம்கூட ஆகியிருக்காது.) "கை எப்படிப் பொருந்துது பாருங்க. அவருக்கும் எனக்கும் ஒரே கை." கண் கலங்கிவிட்டது அவருக்கு. பிறகு எங்களைப் பார்த்தார்.

"ஒரே மாதிரி பண்ணச் சொன்னேன். நீங்க பண்ணல. யோசிச்சுப் பாத்தா பண்ணாததுதான் நல்லது. இதத் தொடாம விட்டீங்க பாருங்க, தொழில் தெரிஞ்சவங்க செய்யறது அதுதான். டீச்சர், பவித்ரா பேர லிஸ்ட்ல எழுதிக்குங்க."

ஹெட்மிஸ்ட்ரஸ் பைலைத் திறந்து எழுதினார். நான் கண்ணால் பார்த்தேன். என் மகள் பெயர்.

இனி நாங்கள் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று. வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும். பிறந்ததிலிருந்து பழகிய வேலை. அதில் எங்களை மிஞ்ச இந்த ஜில்லாவில் ஆள் கிடையாது.

அவர் எழுந்து பக்கத்து நாற்காலியிடம் போனார். என்னுடையதிடம். விரலால் ஒரு தட்டுத் தட்டினார்.

"ஆசாரி வேலயும் பரவால்ல. ஆனா என்ன இருந்தாலும் புதுசு புதுசுதான். உயிர் இல்ல பாருங்க. பாலிஷும் அவசரத்துல அடிச்ச மாதிரி இருக்குது."

அவசரத்தில்.

எனக்கு அந்த ஒரு வார்த்தைதான் கேட்டது. ஒன்பது நாள். பதினாலு கோட். மூன்று நாள் எலுமிச்சம்பழம், விரல் நகமெல்லாம் எரிச்சல். என் வாழ்நாளின் ஒரே குறையில்லாத உருப்படிமேல், மேடையில் வைத்து, ஒரு மனுஷர் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டுகிறார். பேர் ஆசாரிக்கு. அவசரம் எனக்கு. என் வீட்டுக்காரர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "வேணாம்" என்றார். அதுதான் என்னை உசுப்பிவிட்டது.

என் ஆயுளில் நான் பேசிய மிக நீளமான பேச்சு இது. அப்படியே எழுதுகிறேன்.

"சார், அது அவசரத்துல அடிச்ச பாலிஷ் இல்ல. பதினாலு கோட்டு. நான் போட்டது. அதுதான் உங்கப்பா நாற்காலி. நீங்க இப்ப உக்காந்து எழுந்தீங்களே, அதுதான் ஆசாரி செஞ்சது. அந்தக் கறை எங்க வீட்டுக்காரரு ஆணி ஊறுன தண்ணி ஊத்திப் பண்ணுனது. உங்கப்பா கறைய நான் எடுத்துட்டேன் சார். மூணு நாளாச்சு."

பவித்ரா என் புடவையை விட்டுவிட்டாள்.

கரஸ்பாண்டென்ட் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை. என் வீட்டுக்காரரைப் பார்த்து, "நெசமா?" என்றார்.

"ம்" என்றார் இவர். அத்தோடு நிறுத்தினாரா. இவருக்கும் தொழில் கர்வம் உண்டே. "கறை நல்லா வந்துருக்குங்களா சார்?" என்றார்.

(இதை யாரும் சொல்வதில்லை. பவித்ரா கதை சொல்லும்போது இந்த வரியை முழுங்கிவிடுகிறாள். அதற்குத்தான் நானே எழுதுகிறேன்.)

அந்த நேரம் பார்த்து வாசலில் பேண்டு வாத்தியம். சீப் கெஸ்ட் வந்துவிட்டார். யாரோ ஓய்வு பெற்ற பெரிய அதிகாரி. மாலையோடு மேடை ஏறினார். "உக்காருங்க சார்" என்றார் கரஸ்பாண்டென்ட். அவர் பளபளப்பான நாற்காலியில் உட்காரப் போனார். கரஸ்பாண்டென்ட் கை தானாக நீண்டு தடுத்தது. அப்பா நாற்காலி ஆயிற்றே. அதிகாரி நகர்ந்து கறுப்பு நாற்காலிக்குப் போனார். அதையும் கை தடுத்தது. பொய் நாற்காலியில் விருந்தாளியை உட்கார வைக்க மனசு வரவில்லை போல. தானும் எதிலும் உட்காரவில்லை. அப்பா நாற்காலி அப்பாவுடையது மாதிரி இல்லை. அப்பாவுடையது மாதிரி இருப்பது அப்பாவுடையது இல்லை. இரண்டுக்கும் நடுவில் கை கட்டி நின்றுவிட்டார்.

அவர் நிற்பதைப் பார்த்து அதிகாரியும் நின்றார். அவர்கள் நிற்பதைப் பார்த்து ஹெட்மிஸ்ட்ரஸ் எழுந்தார். டீச்சர்கள் எழுந்தார்கள். முதல் வரிசைப் பெற்றோர் எழுந்தார்கள். பிறகு இரண்டாவது வரிசை. அப்படியே அலை மாதிரி கடைசி வரைக்கும். ஒன்றரை மணி நேரம், மூன்று பேச்சு, ஒரு கோலாட்டம், நன்றியுரை வரைக்கும் பந்தலில் ஒரு ஆள் உட்காரவில்லை. மேடையிலிருந்து இறங்கி நின்ற எனக்குப் பின்னால் ஒரு பொம்பளை பக்கத்திலிருந்தவளிடம் கேட்டது:

"எதுக்குடி நிக்கறோம்?"

"அவங்கப்பாவுக்கு மரியாதயாம்."

"அதுக்கு இவ்ளோ நேரமா? எங்க மாமனாரு செத்தப்பகூட இவ்ளோ நேரம் நிக்கல."

என் வீட்டுக்காரர் என் பக்கம் சாய்ந்து, "கால் வலிக்குது" என்றார்.

"நில்லுங்க" என்றேன்.

எங்கள் சண்டை தீர்ந்தது அங்கேதான்.

திங்கட்கிழமை பள்ளிக்குப் போனோம். லிஸ்டில் பவித்ரா பெயர் இருந்தது. அதன்மேல் ஸ்கேல் வைத்து, நேராக, சிவப்பு மையில் ஒரு கோடும் இருந்தது. உள்ளே போனோம். கரஸ்பாண்டென்ட் எங்களை உட்காரச் சொன்னார்.

"உங்க மேல எனக்குக் கோவம் இல்லம்மா. நீ உண்மையத்தான் சொன்ன. ஆனா அந்தப் பொண்ண தினமும் பாத்தா எனக்கு அது ஞாபகம் வந்துட்டே இருக்கும்."

"அவ என்ன சார் பண்ணா?" என்றேன்.

இன்றுவரைக்கும் அந்தக் கேள்விக்கு எனக்குப் பதில் வரவில்லை. நாற்காலியைத் தேய்த்தது நான். கறை போட்டது இவர். எது மாதிரி என்று சொல்லாமல் விட்டது அவர். பல் துலக்கிக்கொண்டிருந்தவள் அவள். கோடு அவள் பெயர்மேல்.

கிளம்பும்போது அவர் கேட்டார்: "அந்தக் கைப்பிடிப் பள்ளம்... நீ அடச்சத எடுத்துட்டா பழயபடி வருமா?"

"வரும்" என்றார் என் வீட்டுக்காரர்.

நான் வராது என்று சொல்ல நினைத்தேன். அடைத்ததை எடுக்கலாம். ஆனால் கை பட்டுத் தேய்ந்த அந்த மேல் மரத்தை முதலிலேயே உப்புத்தாளில் தேய்த்துத் தள்ளிவிட்டேன். அது என் கொட்டகைத் தரையில் தூளாகக் கிடந்து, நான் பெருக்கியும் ஆயிற்று. அன்றைக்கு நான் சொல்லவில்லை. கரஸ்பாண்டென்ட்டே, "வேணாம், விடுங்க" என்றார். மற்றதெல்லாம் கோபமாகத்தான் ஞாபகம் இருக்கிறது. இது ஒன்று மட்டும் வேறு மாதிரி.

பவித்ரா அரசு பெண்கள் பள்ளியில் சேர்ந்தாள். அங்கே சயின்ஸ் நிரம்பிவிட்டது. காமர்ஸ் எடுத்தாள். இன்று ஒரு கம்பெனியில் கணக்குப் பிரிவில் உட்கார்ந்திருக்கிறாள். நடுவில் ஒருநாள் கொட்டகையில் உளி பட்டு என் விரல் கிழிந்தது. ரத்தத்தைப் பார்த்து மயங்கி விழுந்தவள் அவள்தான். நான் ஒரு கையில் விரலைப் பிடித்துக்கொண்டு மறு கையால் அவள் முகத்தில் தண்ணீர் தெளித்தேன். "இவ டாக்டராயிருந்தா ஊரு என்னாயிருக்கும்" என்றார் அவள் அப்பா. அது வேறு விஷயம். ஆகாமல் போவதை அவள் முடிவு செய்திருக்கணும். நாற்காலி முடிவு செய்யக் கூடாது.

இதெல்லாம் போகட்டும். இதிலிருந்து வந்த தண்டனையை நான் இன்னும் அனுபவிக்கிறேன். எங்கள் வீட்டில் நான் தொண்டையைச் செருமிக்கொண்டு ஏதாவது சொல்ல வாயெடுத்தால், உடனே பவித்ரா அன்று பந்தலில் நின்ற மாதிரி எழுந்து நின்றுவிடுவாள். கையைக் கட்டிக்கொண்டு. அவள் அப்பாவும் எழுந்து நிற்பார், டீ டம்ளரோடு. நாத்தனார் வந்திருந்தால் அவளும். அப்படி என்ன பெரிசாகச் சொல்லப் போகிறேன். உப்பு தீர்ந்துவிட்டது என்பேன்.

போன வருஷம் பவித்ராவுக்கு நிச்சயம். மாப்பிள்ளை வீடு சாமல்பட்டிப் பக்கம், தெரியாத மனுஷர்கள். மண்டபத்தில் தட்டு மாற்றியாயிற்று. சமையல்காரர் வந்து இலை போட்டாச்சு என்றார். நான் எல்லோரையும் கூப்பிடலாம் என்று எழுந்து தொண்டையைச் செருமினேன். பட்டுப்புடவையும் மாலையுமாக உட்கார்ந்திருந்த பெண், அப்படியே எழுந்து கை கட்டி நின்றாள். அவள் அப்பா நின்றார். என் தளிச் சொந்தமெல்லாம் வரிசையாக நின்றது, சிரிப்பை அடக்கிக்கொண்டு. மாப்பிள்ளை வீட்டார் ஒருத்தரை ஒருத்தர் பார்த்தார்கள். பெண் வீட்டு வழக்கம் போல என்று நினைத்து அவர்களும் எழுந்து, மரியாதையாகக் கையைக் கட்டிக்கொண்டார்கள். மண்டபமே நின்றது.

"சாப்பிட வாங்க" என்றேன்.

கல்யாணம் முடிந்து மூன்று மாதம் கழித்து, மாப்பிள்ளையின் அண்ணன் குழந்தைக்குக் காது குத்து. சாமல்பட்டிக்குப் போனோம். பந்திக்கு முன்னால் சம்பந்தியம்மா எழுந்து தொண்டையைச் செருமினார். அவ்வளவு பேரும் எழுந்து கை கட்டி நின்றார்கள். அவர் "சாப்பிட வாங்க" என்றார். எல்லோரும் போனார்கள். பந்தியில் என் பக்கத்து இலையில் ஒரு சின்னப் பெண், எதற்குப் பாட்டி எழுந்து நின்றோம் என்று மாப்பிள்ளை வீட்டு வயசான அம்மா ஒருத்தரைக் கேட்டது. அந்தம்மா அப்பளத்தை நொறுக்கிக்கொண்டே சொன்னார்:

"அது எங்க பாட்டி காலத்துலருந்து நம்ம வீட்டு வழக்கம் கண்ணு."

என் வீட்டுக்காரர் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு அந்தம்மாவை ஒரு பார்வை பார்த்தார். அவர் அப்படி மரியாதையாக ஒரு மனுஷரைப் பார்த்து நான் பார்த்ததில்லை.

இது போன வருஷம் வந்ததுதாங்க என்று சொல்லலாம் என்று, நான் லேசாகத் தொண்டையைச் செருமினேன்.

பந்தி முழுக்க, எச்சில் கையோடு, எழுந்து நின்றது.